வீஸ்னுக்கு ஒரு வார இறுதி: செப்டம்பர் 2025 நாட்குறிப்பு

செப்டம்பர் 22, திங்கள்

ஜெர்மனியின் மியூனிக் நகரப் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கி இன்று மூன்றாம் நாள். பெயரில்தான் அக்டோபர், பெரும்பகுதி செப்டம்பரிலேயே முடிந்துவிடும். இந்த ஆண்டு செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 5 வரை. உள்ளூர்க்காரர்கள் யாரும் அக்டோபர்ஃபெஸ்ட் என்று சொல்வதில்லை, அவர்களுக்கு இது ‘வீஸ்ன்’. 1810 அக்டோபரில் பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் நடந்த திருமணத்தையொட்டிக் குதிரைப் பந்தயம் விட்ட புல்வெளி, மணமகள் பெயரால் தெரேசியன்வீஸே ஆனது. விழா இன்றும் அதே இடத்தில்தான்.

எர்லாங்கன், நூரம்பெர்க் பக்கத்து மாணவர்கள் இந்த வார இறுதியில் கிளம்புவதாக இருந்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: மைதானத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, பீர் கூடாரத்துக்கும் இல்லை. ஆனால் உட்கார இடம் கிடைக்காவிட்டால் பீர் கிடைக்காது. பரிமாறுபவர் மேசையில் இருப்பவருக்குத்தான் கொண்டுவருவார். ஹோஃப்ப்ராய் கூடாரத்தில் நின்று குடிக்கும் பகுதி ஒன்று உண்டு, அது விதிவிலக்கு. ஆகவே பயணத் திட்டம் என்பது இருக்கை பிடிக்கும் திட்டம்தான். சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கூடாரம் திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் எழுந்து வெளியேறிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் போய் இரவு வரை கொண்டாடலாம் என்ற எண்ணம், மேசை முன்பதிவு இல்லாதவர்களுக்குச் சரிப்படாது.

முன்பதிவு பொதுவாகப் பத்துப் பேர் மேசைக்கு. பதிவுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. தலைக்கு இரண்டு மாஸ் (ஒரு லிட்டர்க் குடம்) பீர், அரைக் கோழி என்ற கணக்கில் கூப்பன் வாங்க வேண்டியிருக்கும். வசந்த காலத்திலேயே கூடாரத்துக்காரரிடம் நேரடியாகக் கேட்டிருக்க வேண்டிய விஷயம் இது. இப்போது இணையத்தில் ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விற்கும் ‘மேசை’களைத் தொடாதீர்கள். அந்தப் பதிவைக் கூடாரம் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய கூடாரங்கள் ஒரு பகுதி இடத்தை முன்பதிவுக்குக் கொடுக்கக் கூடாது என்பது மாநகராட்சி விதி. வார இறுதிப் பகலில் அந்தப் பங்கு கூடுதல். நாம் நம்பிப் போவது அதைத்தான்.

செப்டம்பர் 24, புதன்

பயணம். டாய்ச்லாண்ட்டிக்கெட், அதாவது நாடு முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு, இந்த ஆண்டு (2025) மாதம் 58 யூரோ. பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் டிக்கெட்டாக இருந்தால் அதில் 60 சதவீதம்தான், 34.80. நூரம்பெர்க்கிலிருந்து இங்கோல்ஸ்டாட் வழியாக மியூனிக் போகும் வட்டார விரைவு ரயிலில் இது செல்லும், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். அதிவேக ரயிலான ஐசிஇ-யில் செல்லாது. அவசரத்தில் மாறி ஏறிவிட்டால் அபராதம் 60 யூரோவிலிருந்து தொடங்கும். டிக்கெட் இல்லாத நண்பர்கள் வந்தால் பவேரிய மாநில ஒருநாள் சீட்டான பயர்ன் டிக்கெட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். வார நாளில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறு நள்ளிரவிலிருந்தே செல்லும் என்பதால் விடியற்கால ரயிலுக்குத் தடையில்லை.

தங்கும் அறையை மியூனிக்கில் தேடாதீர்கள். விழா நாட்களில் விடுதி வாடகை பல மடங்கு ஏறிவிடும். அவுக்ஸ்புர்க், இங்கோல்ஸ்டாட் இரண்டும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். இல்லையென்றால் மாலை ரயிலில் திரும்பிவிடுவதே மேல்.

பை. மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும் பைக்கும், 20-க்கு 15-க்கு 10 செ.மீ. அளவைத் தாண்டிய பைக்கும் அனுமதி இல்லை. முதுகுப்பை எதுவும் உள்ளே போகாது என்று வைத்துக்கொள்ளலாம். வாசலருகே பொருள் காப்பகம் உண்டு, ஆனால் அங்கே வரிசையில் நிற்கும் அரை மணி நேரத்தில் கூடாரத்தின் நடுப்பகுதி நிரம்பிவிடும். கண்ணாடிப் பாட்டில், கத்தி, தெளிப்பான் கூடாது. சட்டைப்பையில் இருக்க வேண்டியவை: குடியிருப்பு அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, ரொக்கம். பாஸ்போர்ட் அறையிலேயே இருக்கட்டும்.

பணம். ஒரு மாஸ், அதாவது ஒரு லிட்டர் பீர், இந்த ஆண்டு கூடாரத்தைப் பொறுத்து 14.50 முதல் 15.80 யூரோ. டிப்ஸ் சேர்த்தால் 17 என்று கணக்கு வைக்கலாம். குடம் மேசைக்கு வந்ததும் காசு கொடுத்துவிட வேண்டும். கடைசியில் மொத்தமாகப் பில் வராது. கார்டு பல இடங்களில் ஓடும், ஆனாலும் ரொக்கம் கையில் இருந்தால் அடுத்த சுற்று சீக்கிரம் வரும். ஐந்து பேர் தனித்தனியாகக் கொடுப்பதற்குள் பரிமாறுபவரின் பொறுமை போய்விடும். சுற்றுக்கு ஒருவர் கொடுங்கள், கணக்கை ரயிலில் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டு மாஸ், அரைக் கோழி, ஒரு ப்ரேட்சல் (முறுக்கு வடிவ ரொட்டி), ஒரு ராட்டினம் என்றால் ஆளுக்கு 70 யூரோ வைத்துக்கொள்ளுங்கள்.

உடை. தோல் கால்சட்டையும் டிர்ண்டலும் (பெண்களின் பாரம்பரிய கவுன்) கட்டாயமில்லை. பிளாஸ்டிக் தோல்போல இருக்கும் மலிவு ‘வேடங்களை’ வாங்குவதைவிட ஜீன்ஸும் கட்டம் போட்ட சட்டையும் எவ்வளவோ தேவலை. காலணிதான் முக்கியம்: மூடிய, தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ. தரையில் உடைந்த கண்ணாடி கிடக்கும்.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளை கிளம்புகிறவர்கள் இன்றிரவு செய்ய வேண்டிய ஒரு கணக்கு.

விழா பீர் 6 சதவீதம் அளவில் ஆல்கஹால் கொண்டது. ஒரு லிட்டரில் 60 மி.லி., எடையில் சுமார் 47 கிராம். நம் ஊர் 650 மி.லி. பாட்டில், 5 சதவீதம் என்றால் சுமார் 26 கிராம். ஒரு மாஸ் கிட்டத்தட்ட இரண்டு பாட்டில் என்று ஆகிறது. 70 கிலோ ஆணுக்கு வெறும் வயிற்றில் ஒரு மாஸ் ரத்தத்தில் ஆல்கஹால் அளவை ஆயிரத்துக்கு 0.95 வரை ஏற்றும். 55 கிலோ பெண்ணுக்கு 1.4. உடல் அதைக் கரைப்பது மணிக்கு 0.15 வேகத்தில்தான். அந்த ஆண் இரண்டு மாஸ் குடித்தால் முழுதாக இறங்கப் பதின்மூன்று மணி நேரம் ஆகும். சாப்பாடு உச்சத்தைக் குறைக்கும், நேரத்தைப் பெரிதாகக் குறைக்காது. காபி, குளியல் எதுவும் இதில் வேலை செய்யாது.

இந்தக் கணக்கு வாடகை மின்-ஸ்கூட்டருக்காக. ஜெர்மனியில் அதற்கும் கார் வரம்புதான்: 0.5-இல் அபராதமும் ஓட்டத் தடையும், 1.1-இல் குற்ற வழக்கு. 21 வயதுக்குக் கீழே இருந்தாலும், உரிமம் எடுத்து இரண்டு ஆண்டு சோதனைக் காலத்தில் இருந்தாலும் வரம்பு பூஜ்யம். ‘இது பொம்மை வண்டிதானே’ என்று ஏறியவர்கள் உரிமத்தை இழந்திருக்கிறார்கள்.

குடிக்காதவர்கள் வரக் கூடாதா? தாராளமாக வரலாம். ஆல்கஹால் இல்லாத பீரும் பெரும்பாலான பெரிய கூடாரங்களில் மாஸ் குடத்திலேயே வரும். ஆப்பிள் ஷோர்லே (சோடா கலந்த ஆப்பிள் சாறு), ஷ்பேட்ஸி (கோலாவும் ஆரஞ்சு பானமும் கலந்தது) உண்டு. விலைதான் மலைக்க வைக்கும். கூடாரத்தில் தண்ணீரே லிட்டர் 10 யூரோவை ஒட்டி. மைதானத்தில் இலவசக் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன, கண்ணில் பட்டதும் குடித்துக்கொள்ளுங்கள்.

முட்டை சாப்பிடும் சைவ உணவுக்காரர்களுக்கு கேஸ்ஷ்பேட்ஸ்லே, அதாவது பாலாடைக்கட்டி சேர்த்துப் புரட்டி மேலே பொரித்த வெங்காயம் தூவிய முட்டை மாவுத் துண்டுகள். வயிற்றில் நிற்கும் சாப்பாடு. ஒபாட்ஸ்டா என்பது கனிந்த கமாம்பேர் பாலாடைக்கட்டி, வெண்ணெய், பாப்ரிகா மிளகாய்ப்பொடி, வெங்காயம் பிசைந்தது. ப்ரேட்சலோடு தொட்டுக்கொள்ள அதைவிட நல்லது வேறில்லை. உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் கடைகளில் கிடைக்கும். முட்டைக்கோஸ் சைவம் என்று நம்பி வாங்க வேண்டாம், பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். ‘ஓனே ஷ்பெக்?’ (பன்றிக் கொழுப்பு இல்லாமலா?) என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 1980 செப்டம்பர் 26 இரவு, இதே விழாவின் பிரதான வாசலில் வலதுசாரித் தீவிரவாதி ஒருவன் வைத்த குண்டில் பன்னிரண்டு பேரும் அவனும் இறந்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இன்று 45 ஆண்டு. நினைவிடம் அதே வாசலில் இருக்கிறது. பெரும்பாலோர் அதன் முன்னால் நண்பர்களைத் தேடிக்கொண்டு நிற்பார்கள், என்னவென்று பார்ப்பதில்லை.

செப்டம்பர் 27, சனி

தெரேசியன்வீஸே சுரங்க ரயில் நிலையத்தில் இறங்காதீர்கள். கூட்டம் மிஞ்சினால் ரயில் நிற்காமலே போய்விடும். மத்திய நிலையத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம். வேறு பக்கத்திலிருந்து வந்தால் ஹாக்கர்ப்ரூக்கே, கோயத்தேப்ளாட்ஸ், ஷ்வாந்தாலர்ஹோஹே. திரும்பும்போதும் இவைதான்.

பெரிய கூடாரங்கள் பதினான்கு. பீர் மியூனிக்கின் ஆறு ஆலைகளுடையது மட்டும்: அவுகுஸ்டீனர், ஹாக்கர்-ஷோர், ஹோஃப்ப்ராய், லோவன்ப்ராய், பவ்லானர், ஷ்பாட்டன். முதல் முறை போகிறவர்களுக்கு அவுகுஸ்டீனர் கூடாரத்தைச் சொல்வேன். அங்கே இன்னும் 200 லிட்டர் மரப்பீப்பாயிலிருந்து ஊற்றுகிறார்கள். வாயு குறைவு, தொண்டையில் குத்தாது. அதுவே ஆபத்தும்கூட, வேகமாக இறங்கிவிடும். இளவட்டம் வேண்டுமென்றால் ஷோட்டன்ஹாமல் கூடாரம். மேயர் முதல் பீப்பாயைத் தட்டித் திறந்து விழாவைத் தொடங்குவதும் அங்கேதான். ஹோஃப்ப்ராய் முழுக்க வெளிநாட்டுச் சுற்றுலாக் கும்பல். ஒரு முறை எட்டிப்பார்த்தால் போதும்.

உள்ளே நுழைந்ததும் சுவரோரத் தடுப்புகளை விட்டு நேரே நடுப்பகுதிக்கு. ஓரங்கள் முன்பதிவு. மேசையில் ‘16 மணி முதல் முன்பதிவு’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் நாலு மணி வரை தாராளமாக உட்காரலாம். பலர் சீட்டைப் பார்த்ததுமே நகர்ந்துவிடுகிறார்கள். ஆறேழு பேராகப் போய் முழு மேசை தேடினால் கிடைக்காது. மூன்று மூன்றாகப் பிரிந்து ‘இஸ்ட் ஹியர் நொக் ஃப்ரை?’ (இங்கே இன்னும் இடம் இருக்கிறதா?) என்று கேளுங்கள், நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

வெற்றுக் குடமே 1.3 கிலோ. நிறைந்தால் 2.3. கைப்பிடிக்குள் நான்கு விரலையும் நுழைத்து, உள்ளங்கை கண்ணாடியைத் தாங்கும்படி பிடித்தால்தான் மணிக்கட்டு தாங்கும். மோதும்போது அடிப்பாகத்தை மோதுங்கள், அங்கேதான் கண்ணாடி தடிப்பு. விளிம்பில் இடித்தால் உடையும். குடத்தில் ஒரு லிட்டர் கோடு இருக்கும். நுரை அடங்கிய பிறகும் பீர் அதற்கு வெகுவாகக் கீழே நின்றால் குடிக்கும் முன்பே நிரப்பித் தரச் சொல்லலாம். குறைத்து ஊற்றுவதை எதிர்ப்பதற்கென்றே மியூனிக்கில் ஒரு சங்கம் இருக்கிறது, ஆகவே கூச்சம் வேண்டாம்.

மாலை ஆறு மணி வரை பித்தளை வாத்தியம்தான், ஒலியும் 85 டெசிபலுக்குள். பேச முடியும், குழந்தைகள் இருப்பார்கள். அதன் பிறகுதான் பாப் பாட்டும் பெஞ்சில் ஏறி நிற்பதும். பெஞ்சில் நிற்கலாம், மேசையில் ஏறினால் காவலர் வெளியே தள்ளிவிடுவார். குடத்தை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டால் திருட்டு, வாசலில் பிடிப்பார்கள். வேண்டுமானால் விலைக்கு வாங்குங்கள், ரசீதை எறியாதீர்கள். கழிப்பறை இலவசம். ஆனால் கூட்ட மிகுதியால் கூடாரத்தை மூடியிருக்கும் நேரத்தில் வெளிக் கழிப்பறைக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள்.

இன்று பிற்பகல் நடந்தது இதையெல்லாம் விளக்கிவிட்டது. நெரிசல் தாங்காமல் மைதானத்தையே மூடினார்கள். மாலையில்தான் மறுபடி திறந்தார்கள். கூடாரங்கள் நிரம்பி மூடியபின் வருகிறவர்கள் எல்லாம் தெருவில்தான் நிற்க வேண்டும். பகல் மேசைக்காரர்கள் எழுந்து வெளியே வருவதும், மாலை மேசைக்காரர்கள் உள்ளே வருவதும் ஏறத்தாழ ஒரே நேரம். இரண்டு ஓட்டமும் அதே தெருவில் முட்டுகின்றன. கைபேசி இணைப்பு அப்போது படுத்துவிடும் என்பதால், சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் காலையிலேயே வாய்வார்த்தையாகப் பேசிவைக்க வேண்டும். மைதானத்துக்கு உள்ளே எந்த இடமும் வேண்டாம். ரயில் நிலையத்தில் ஒரு நடைமேடை எண் போதும்.

யாராவது துணையில்லாமல் தடுமாறினால், குறிப்பாகப் பெண்கள், சேவை மையத்தில் ‘பாதுகாப்பான வீஸ்ன்’ உதவியிடம் உண்டு. பக்கத்திலேயே மருத்துவ முகாம். விழுந்து தலையில் அடிபட்டவர்களைப் பார்க்க 2022 முதல் சி.டி. ஸ்கேன் கருவியே அங்கே வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு காலை 11 மணிக்கு, பவாரியா சிலையின் படிக்கட்டில் எல்லாக் கூடார வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது வழக்கம். இலவசம். வானிலை கெட்டால் அடுத்த ஞாயிறு. சிலை 1850-இல் நிறுத்தியது, பதினெட்டரை மீட்டர் உயர வெண்கலம், உள்ளே ஏறித் தலைவரை போகலாம்.

ராட்டினங்களை பீருக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். டொபொக்கான் என்ற சறுக்கு விளையாட்டில் ஓடும் பெல்ட்டில் நின்றபடி மேலே போக வேண்டும். முக்கால்வாசிப் பேர் விழுவார்கள், கீழே நின்று பார்க்கக் காசு இல்லை. டொய்ஃபல்ஸ்ராட், 1910 முதல் சுழலும் மரத்தட்டு: மையத்தில் உட்கார்ந்தவர் கடைசியில்தான் சறுக்குவார், ஏனெனில் வெளித்தள்ளும் விசை மையத்திலிருந்து உள்ள தூரத்தோடு கூடும். ஓடிப்போய் நடுவை மறிப்பதுதான் சூத்திரம்.

தெற்கு மூலையில் ‘பழைய வீஸ்ன்’. நுழைவு 4 யூரோ, அதனாலேயே கூட்டம் குறைவு. பழங்கால ராட்டினங்கள், நாட்டுப்புற நடனம், கல்குடத்தில் பீர். கல்குடத்தில் அளவு தெரியாது என்பது ஒரு குறை. ஆனாலும் இரண்டு நாளில் ஒரு நாள் மட்டும் என்றால் நான் சனிக்கிழமையை விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன்.

அக்டோபர் 1, புதன்

வெடிகுண்டு மிரட்டலால் இன்று மைதானம் மாலை 5:30 வரை திறக்கவில்லை. காலையில் வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. கிளம்பும் முன் விழாவின் அதிகாரப்பூர்வ தளத்தைப் பார்த்துவிட்டே ரயிலேறுங்கள். எந்த நாள், எந்த நேரம் நெரிசல் என்று காட்டும் அளவுமானியும் அங்கே இருக்கிறது.

கடைசி வார இறுதிக்குப் போகிறவர்களுக்கு: 3-ஆம் தேதி வெள்ளி ஜெர்மன் ஒற்றுமை தினம். கூடாரங்கள் 9 மணிக்கே திறக்கும், கூட்டம் சனிக்கிழமைக் கணக்குதான். சூப்பர்மார்க்கெட் வெள்ளியும் ஞாயிறும் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகளை மட்டும் நம்பலாம்.

பொருள் தொலைத்தவர்களுக்கு: விழா முடியும்வரை மைதானச் சேவை மையத்தில் கேட்கலாம். அதன்பின் எல்லாம் நகரின் கண்டெடுத்த பொருள் அலுவலகத்துக்குப் போகும், அங்கே ஆறு மாதம் வைத்திருப்பார்கள். தொலைந்தது குடியிருப்பு அட்டை என்றால் காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்தில் தொலைந்ததற்கான சான்று வாங்கி, மறுநாளே உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.