பேஸ்மென்ற்றில் எரியும் காசு

கனடாவின் ஸ்காபரோவில் வீடு வாங்கினால் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் குசினியைப் பார்ப்பார்கள், குளியலறையைப் பார்ப்பார்கள், சாமியறை எங்கே என்று கேட்பார்கள். பேஸ்மென்ற்றுக்குப் படியிறங்கிப் போய் மூலையில் நிற்கிற, காஸில் எரிந்து வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸையும் சுடுதண்ணி ராங்க்கையும் பார்க்கிற ஆட்கள் குறைவு. எங்களுக்கு அப்படி ஒரு அண்ணை வாய்த்தார். பக்கத்து ஊர்க்காரர், காஸ் வேலைக்கு ஜி2 லைசென்ஸ் வைத்திருப்பவர். பால்தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் நேரே கீழே இறங்கினார்.

எண்பதுகளில் கட்டின வீடு. இரண்டிலிருந்தும் தகரக் குழாய்கள் வந்து ஒன்றாகச் சேர்ந்து சிம்னிக்குள் போயின. "தம்பி, உதில கை வைச்சுப் போடாதையும், சுட்டுப்போடும். அந்தச் சூடு முழுக்க நீர் கட்டின காசு" என்றார்.

காஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும். காஸில் உள்ள வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியோடுதான் இருக்கிறது. பழைய ஃபேர்னஸ் அதை அப்படியே கூரைக்கு மேலே அனுப்பிவிடும். அதோடு புகையின் சூடும் போய்விடுவதால், நூறு டொலர் காஸில் ஏறக்குறைய எண்பது டொலர்தான் வீட்டுக்குள் நிற்கும். புதியவை புகையை இன்னொரு தடவை குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் மெல்லிய குழாய் வழியாக நிலத்து வடிகாலுக்குச் சொட்டும். மிஞ்சுகிற புகை பிளாஸ்ரிக் குழாயில் போகிற அளவுக்கு ஆறியிருக்கும். மாசி மாதக் காலையில் தெருவில் நடந்தால் பக்கச் சுவர்களில் வெள்ளைக் குழாய்கள் புகைவிடுவது தெரியும். அந்த வீடுகள் மாற்றிவிட்டன என்று அர்த்தம்.

கனடாவில் 2009 முடிவோடு, வீட்டுக் காஸ் ஃபேர்னஸ்கள் காஸின் வெப்பத்தில் குறைந்தது 90 வீதத்தை வீட்டுக்குத் தரவேண்டும் என்று சட்டம் வந்தது. 2019 யூலையிலிருந்து 95. ஆகவே "இது ஹை எஃபிஷன்சி" என்று விற்பனையாளர் புளுகினால், சட்டம் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார். கேட்கவேண்டியது அளவு. பெரிதாக வாங்கினால் நல்லது என்பது எங்கடை சனத்தின் நம்பிக்கை. ஃபேர்னஸில் அது எடுபடாது. வீட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிதென்றால் சட்டென்று சூடாக்கிவிட்டு நிற்கும், பிறகு மூளும், பிறகு நிற்கும். ஒரு அறை வேகும், மறு அறை விறைக்கும். வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்குப் பார்க்காமல் வாசலில் நின்றே ஒரு இலட்சம் பி.ரி.யு. (ஃபேர்னஸின் வெப்ப அளவு) என்று சொல்பவரை அப்படியே அனுப்பிவிடலாம்.

அண்ணை அதிகம் எச்சரித்தது சுடுதண்ணி ராங்க் விஷயத்தில். ஃபேர்னஸை மட்டும் மாற்றினால் அதன் புகை சுவர்வழியே போய்விடும். அந்த அகலமான சிம்னியில் ராங்க் தனியே விடப்படும். அதன் சிறிய புகைக்கு அவ்வளவு பெரிய செங்கல் சிம்னியைச் சூடாக்க வலுவில்லை. புகை நடுவழியில் குளிர்ந்து, அமிலத் தண்ணீராகிச் சாந்தை அரிக்கும். மோசமானால் காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும். சிம்னிக்குள் அளவான உலோகக் குழாய் இறக்கவேண்டும், இல்லாவிட்டால் ராங்க்கையும் சுவர்வழி புகைவிடுகிற வகைக்கு மாற்றவேண்டும். விலை கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். ஃபேர்னஸ் மட்டும் என்றால் மலிவாகத்தான் தெரியும்.

அந்த ராங்க் சொந்தமா என்பது அடுத்த கேள்வி. ஒன்ராறியோவில் சுடுதண்ணி ராங்க்கை மாதவாடகைக்கு வைத்திருப்பது பெருவழக்கம். வீடு வாங்கும்போது வாடகையும் சேர்ந்து வந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு மாமி, கதவைத் தட்டி "மீற்றர் பார்க்க வந்தோம்" என்று சொன்னவர்களிடம் வாடகைக் கொன்ராக்ற்றில் கையெழுத்து வைத்துவிட்டார். இப்படியான வீட்டுவாசல் விற்பனையை மாகாண அரசு 2018 மார்ச்சில் தடைசெய்தது. கொன்ராக்ற்றைக் காட்டி வீட்டு உறுதியிலேயே உரிமை பதிகிற வேலைக்கு 2024இல்தான் முடிவு வந்தது.

மாமி அதற்குப் பிறகு வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்ற்றற்றை 16 பாகையில் வைத்துவிட்டு ஜக்கெற்றோடு இருக்கிறார். அந்தளவு தேவையில்லை. இரவில் இரண்டு மூன்று பாகை குறைத்தால் காணும். ஆனால் ராங்க்கின் சூட்டை 60 பாகைக்குக் கீழே இறக்கக்கூடாது, லெஜியனெல்லா கிருமி வளரும். குழாயில் 49க்கு மேல் வராமல் கலக்கிவிடுகிற வால்வு பூட்டலாம். உடுப்பைக் குளிர்தண்ணியில் தோய்த்தால் அதுவே மிச்சம்.

ஃபேர்னஸின் காற்றுப் பில்ரரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று பெட்டியில் எழுதியிருக்கும். மீன் பொரித்து, மிளகாய் தாளிக்கிற வீட்டுக்கு அது சரிவராது. எங்களுடையதை ஒரு மாதத்தில் இழுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத் தூசு எண்ணெய்ப் பிசுக்கோடு பஞ்சுபோல ஒட்டியிருக்கும். காற்று நுழைய இடமில்லாவிட்டால் 96 வீத ஃபேர்னஸும் மூச்சுத்திணறும்.

மிச்சம் வந்ததா என்று அறிய பில்லின் டொலரைப் பார்க்காதீர்கள். காஸ் விலை அடிக்கடி மாறும். 2025 ஏப்ரலில், காஸ் பில்லில் அரசு சேர்த்திருந்த காபன் கட்டணத்தை எடுத்தபோது ஒன்றும் செய்யாதவர்களின் பில்லும் இறங்கியது. எத்தனை கன மீட்டர் என்ற வரியைத்தான் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடவேண்டும். இரண்டு வருடத்திலும் குளிர் ஒரே மாதிரியாக இருந்ததா என்பதையும் பாருங்கள்.