சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர்: ஊர்வாரியாகப் படித்தால் பொருத்துக கேள்வி தப்பாது

குரூப் 1, குரூப் 2 எழுதுவோர் 'ஐரோப்பியர் வருகை' பாடத்தில் சறுக்குவது பெரும்பாலும் பொருத்துக கேள்வியில்தான். பாடம் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் என்று நாடுவாரியாகப் போகிறது; கேள்வியோ ஊரைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நாகப்பட்டினம் யாருடையது? 1658 வரை போர்ச்சுக்கீசியர், பிறகு டச்சுக்காரர், 1781-ல் ஆங்கிலேயர். ஆண்டு இல்லாமல் பதில் இல்லை.

ஒரு முழுத்தாளில் கரையை வரைந்து, வடக்கிலிருந்து தெற்காகக் குறியுங்கள்: பழவேற்காடு, சென்னை, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்பு போதும்: இடம் கொடுத்தவர், இடையில் பறித்தவர், கடைசியில் கைமாறிய விதம்.

முதல் குறிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தரங்கம்பாடியை 1620-ல் டேனியருக்கு (டென்மார்க் நாட்டவருக்கு) கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். சென்னைக்கு 1639-ல் இசைந்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு இடம் தந்தவர் பீஜப்பூரின் கீழிருந்த ஷேர்கான் லோடி. மூன்றாவது குறிப்பும் அப்படித்தான். எல்லா ஊரும் போரில் போகவில்லை: தரங்கம்பாடி 1845-ல் வங்காளத்தின் டேனியக் குடியிருப்பான செராம்பூரோடு சேர்த்து விலைக்குப் போனது, பழவேற்காடு 1824 ஆங்கில-டச்சு உடன்படிக்கையால் கைமாறியது.

பறித்தவர் குறிப்பு நிறைய வேலை வாங்குவது புதுச்சேரியில். 1693-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1697 ரிஸ்விக் உடன்படிக்கைப்படி 1699-ல் திரும்பியது. 1761-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கை திருப்பித் தந்தது. சென்னையும் 1746-ல் பிரெஞ்சு வசம் போய், 1748 அய்-லா-சப்பேல் உடன்படிக்கையால் மீண்டது. ஆகவே உடன்படிக்கைகளைத் தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஊருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஐரோப்பியப் போரோடு கர்நாடகப் போர்களை இணைக்கும்போது மட்டும் கவனம்: முதல் போருக்கு ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர், மூன்றாவதற்கு ஏழாண்டுப் போர். இரண்டாவது நடந்தபோது ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே அமைதி. ஹைதராபாத், ஆற்காடு வாரிசுச் சண்டைகளே அதற்குக் காரணம்.

இன்னொரு கண்ணி: கம்பெனி தொடங்கிய ஆண்டும் குடியிருப்பு அமைந்த ஆண்டும். டேனியர் கம்பெனி 1616, தரங்கம்பாடி 1620. பிரெஞ்சுக் கம்பெனி 1664, புதுச்சேரி 1674.

விடுதலைக்குப் பிந்தைய பகுதியில் புதுச்சேரிக்கு இரண்டு தேதி உண்டு. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. கேள்வியில் 'சட்டப்படி' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விடையைக் குறியுங்கள். வங்காளத்தின் பிரெஞ்சுக் குடியிருப்பான சந்திரநாகூரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது 1949 வாக்கெடுப்புக்குப் பின் தனியாகப் பிரிந்து மேற்கு வங்கத்தோடு இணைந்தது.