கலைச்சொல்லுக்கு ஊர் கேளுங்கள்: உலகப் புவியியல், பண்பாட்டுச் சொற்களைப் படித்த அனுபவம்

குடிமைப்பணித் தேர்வுக்கு நான் முதன்முறை ஆயத்தமான ஆண்டில் உலகப் புவியியலுக்கென்றே ஒரு நீளக் குறிப்பேடு வைத்திருந்தேன். அதில் ஏறத்தாழ 600 கலைச்சொற்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம் இருந்தது. நான்கு முறை அதைத் திருப்பிப் படித்த பிறகு எழுதிய மாதிரித் தேர்வில், தென் அமெரிக்காவின் லானோஸ் புல்வெளியை மிதவெப்ப மண்டலத்திலும் பம்பாஸ் புல்வெளியை வெப்ப மண்டலத்திலும் சேர்த்துவிட்டு வந்தேன். இரண்டு பெயர்களும் எனக்குத் தெரியும். இரண்டும் புல்வெளிகள் என்பதும் தெரியும். எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. முதல்நிலைத் தேர்வின் பொதுப்பாடத் தாளில் 100 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவு என்னும் கணக்கில், அரைகுறையாகத் தெரிந்த சொல் அறவே தெரியாத சொல்லைவிட அதிக இழப்பைத் தரும். தெரியாததை விட்டுவிடுவோம், தெரிந்ததுபோல் தோன்றுவதற்குத்தான் துணிந்து விடை குறிப்போம்.

அன்று மாலை நிலவரைபட நூலைத் திறந்து லானோஸைத் தேடினேன். வெனிசுலாவிலும் கொலம்பியாவிலும், ஓரினோகோ ஆற்றுப் படுகையில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே அது விரிந்து கிடந்தது. பம்பாஸோ வெகு தெற்கே, அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் இருந்தது. இடத்தைக் கண்ட மறுகணமே மண்டலம் எது என்னும் கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. நான்கு முறை படித்து நிற்காத ஒன்று, ஒரு முறை பார்த்ததில் நின்றுவிட்டது. அதன்பின் ஒரு புதிய பழக்கத்தைத் தொடங்கினேன்: எந்தக் கலைச்சொல்லைக் கண்டாலும், அதன் பொருளைக் கேட்பதற்கு முன் அதன் ஊரைக் கேட்பது.

இந்தப் பழக்கத்தின் பயனை எனக்கு முழுமையாக உணர்த்திய சொல் சாகேல். சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், மேற்கே செனகல் முதல் கிழக்கே சூடான் வரை நீளும் அரைவறண்ட நிலப்பட்டையின் பெயர் அது. அரபு மொழியில் ‘சாஹில்’ என்றால் கரை. கடலே இல்லாத இடத்துக்குக் கரை என்று பெயர் வந்ததேன் என்று யோசித்தால், மணற்கடலைக் கடந்து வரும் ஒட்டக வணிகனின் கண்ணோட்டம் புலப்படுகிறது. அவனுக்குச் சகாராவே கடல். புல் தலைகாட்டும் இடமே கரை. ‘சகாரா’ என்பதற்கும் அரபியில் பாலைவனம் என்றே பொருள். ஆகவே ‘சகாரா பாலைவனம்’ என்பது நம் ஊர்ப் பேச்சில் வரும் ‘நடுசென்டர்’ போன்றதுதான். அதே ‘சாஹில்’ என்னும் சொல்லின் பன்மையான ‘சவாஹில்’ என்பதிலிருந்து வந்ததே சுவாஹிலி. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் அரபு வணிகர்களும் பாண்டு மொழி பேசுவோரும் பல நூற்றாண்டுகள் பழகிய இடத்தில் வளர்ந்த மொழி அது. அதன் இலக்கணம் பாண்டு மொழிகளுக்குரியது. சொல்வளத்தில் அரபியின் பங்கு பெரிது. ஒரே வேர்ச்சொல்லிலிருந்து ஒரு நிலவியல் பெயரும் ஒரு மொழியின் பெயரும் பிறந்திருப்பதைக் கண்டபின், புவியியலையும் பண்பாட்டையும் தனித்தனிக் குறிப்பேடுகளில் எழுதுவதை நிறுத்தினேன்.

இயற்கைப் புவியியலின் கலைச்சொற்களில் பலவும் ஒரு குறிப்பிட்ட இடத்தின் பெயராகத் தொடங்கி உலகுக்குப் பொதுவானவை. ஆறு வளைந்து நெளிந்து செல்வதைக் குறிக்கும் ‘மியாண்டர்’ என்பது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் ஓடி ஏஜியன் கடலில் கலக்கும் மெண்டெரெஸ் ஆற்றின் பழைய பெயர். அந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் மிலேட்டஸ் என்னும் பழந்துறைமுக நகரைக் கடலிலிருந்து பிரித்து உள்நாட்டில் நிறுத்திவிட்டது. சுண்ணாம்புப் பாறை மழைநீரில் கரைந்து குகைகளும் குழிகளும் உண்டாகும் நிலத்தைக் ‘கார்ஸ்ட்’ என்கிறோம். அது சுலோவேனியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே உள்ள ஒரு பீடபூமியின் பெயர். சரளை மண்ணுக்குரிய ‘லேட்டரைட்’ என்னும் சொல் நமக்கு இன்னும் அருகே பிறந்தது. ஸ்காட்லாந்து மருத்துவரான பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தின் அங்காடிப்புரத்தில், வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப் பட்டதும் இறுகிவிடும் கல்லைக் கண்டு, செங்கல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து அமைத்த அப்பெயரை 1807இல் வெளியிட்டார். கட்டடக் கல் என்னும் இந்தச் செய்தி மனத்தில் இருந்தால், அம்மண் வேளாண்மைக்கு ஏன் வளம் குன்றியது என்பதும் உடன் வந்துவிடும்: பெருமழையில் சத்துகள் அரித்துச் செல்லப்பட்டு, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் எஞ்சி நின்றதன் விளைவே அந்த இறுக்கமும் செந்நிறமும்.

இவ்வகையில் என் விருப்பத்துக்குரிய சொல் ‘அட்டால்’. உலக மொழிகளுக்கு மாலத்தீவின் திவேகி மொழி ஈந்த சொல் இது. தமிழில் வட்டப் பவளத்திட்டு என்கிறோம். பொருளைச் சொல்வது எளிது. அது எப்படி உருவாகிறது என்று எழுதச் சொன்னால்தான் தடுமாற்றம் தொடங்கும். நடுக்கடலில் ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது என்று கொள்ளுங்கள். வெதுவெதுப்பான, ஒளி புகும் ஆழமில்லாத நீரில் மட்டுமே பவள உயிரிகள் வளரும் என்பதால், தீவின் ஓரத்தை ஒட்டியே முதலில் திட்டு உண்டாகிறது. தீவு மெல்ல மெல்லத் தாழ்கிறது. பவளமோ ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருப்பதால், திட்டுக்கும் தீவுக்கும் இடையே நீர் புகுந்து இடைவெளி அகல்கிறது. இது தடுப்புப் பவளத்திட்டு. இறுதியில் தீவு முழுவதும் மூழ்கியபின், நடுவே காயலும் சுற்றிலும் வளையமுமாக எஞ்சுவதே அட்டால். 1842இல் சார்லஸ் டார்வின் வெளியிட்ட இந்த விளக்கத்தை மூன்று சிறு படங்களாக வரைந்து பழகினேன். மூன்று வகைத் திட்டுகளின் இலக்கணங்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை அதோடு தீர்ந்தது.

ஊரும் உருவான விதமும் தெரிந்தபின்னும் சில சொற்கள் இரட்டைப் பிள்ளைகளைப் போல நின்று குழப்பும். அவற்றைப் பிரித்தறிய, இரண்டுக்கும் பொதுவானது எது, பிரிப்பது எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவைப்பது எனக்கு உதவியது. ஃபியார்டு, ரியா இரண்டும் கடல்நீர் புகுந்து மூழ்கிய பள்ளத்தாக்குகளே; ஃபியார்டைக் குடைந்தது பனியாறு, ரியாவைக் குடைந்தது சாதாரண ஆறு. ஆகவே நார்வேயின் சோக்னே ஃபியார்டு 1,300 மீட்டர் அளவுக்கு ஆழமாகவும் செங்குத்தான சுவர்களோடும் இருக்கிறது. வடமேற்கு ஸ்பெயினின் கலீசியக் கரையில் உள்ள ரியாக்கள் அவ்வளவு ஆழம் கொண்டவை அல்ல. உக்ரைனின் செர்னோசெம் மண்ணும் நம் கரிசல் மண்ணும் கறுப்பானவை என்பதால் ஒன்றென்று எண்ணி நான் ஒருமுறை விடை எழுதியிருக்கிறேன். முன்னது ஸ்டெப்பி புல்வெளியின் வேர்கள் மட்கிச் சேர்ந்த கறுப்பு. பின்னது பெரும்பாலும் பசால்ட் பாறை சிதைந்து உண்டானது. நிறத்தை வைத்து மண்ணை வகைப்படுத்தக் கூடாது என்பதை அந்தத் தவறுதான் கற்றுத்தந்தது.

டெல்டாவும் ஓதம் ஏறி இறங்கும் ஆற்றுவாயும் இன்னொரு வகைச் சிக்கல். இங்கே குழப்பம் தமிழிலேயே இருக்கிறது. கழிமுகம் என்னும் சொல்லைச் சில நூல்கள் முன்னதற்கும் சில நூல்கள் பின்னதற்கும் ஆள்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல் நர்மதை கழிமுகத்தை உருவாக்குவதாகக் கூறும்போது, இலங்கைத் தமிழ் நூல்களில் கழிமுகம் என்பது டெல்டாவையே குறிப்பதைக் காணலாம். ஆற்றுவாயை அங்கே பொங்குமுகம் என்பர். நாம் நீர்ச்சந்தி என்பதை அவர்கள் நீரிணை என்பார்கள். நம் அட்சக்கோடு அங்கே அகலக்கோடு, தீர்க்கக்கோடு நெடுங்கோடு. இலங்கைச் சொற்கள் சில நம்முடையவற்றைவிடத் தெளிவானவை என்பது என் கருத்து. ஆயினும் தேர்வில் எந்த வழக்கைக் கையாண்டாலும் விடைத்தாள் முழுவதும் அதிலேயே நிற்க வேண்டும்.

தலக்காற்றுகளின் பட்டியலை நீட்டத் தேவையில்லை. வெப்பமா குளிரா, எங்கிருந்து எங்கே என்னும் இரண்டு கேள்விகளில் அவை அடங்கிவிடும்: ரோன் பள்ளத்தாக்கில் இறங்கும் மிஸ்ட்ரல் குளிர்ந்தது, சகாராவிலிருந்து மத்தியதரைக்கடலை நோக்கி வரும் சிராக்கோ வெப்பமானது. ஆல்ப்ஸின் ஃபானும் ராக்கி மலைகளின் சினூக்கும் மட்டும் சற்று நின்று புரிந்துகொள்ள வேண்டியவை. ஈரக்காற்று மலையேறும்போது நீராவி சுருங்கி வெப்பத்தை வெளிவிடுவதால் கிலோமீட்டருக்கு 5 முதல் 6 பாகை அளவே குளிர்கிறது. மழையை உதிர்த்துவிட்டு மறுபுறம் இறங்கும்போது உலர்ந்த காற்றாகக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை வெப்பமடைகிறது. இந்த வேறுபாட்டால்தான் அது பனியை உருக்கும் வெங்காற்றாக மாறுகிறது. சினூக் என்பது கொலம்பியா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த தொல்குடி மக்களின் பெயர் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன்.

பண்பாட்டுச் சொற்களுக்கு வரும்போது குழப்பம் வேறு வடிவம் எடுக்கிறது. மொழி, எழுத்து, இனம், சமயம், நாடு ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும் என்று நாம் அறியாமலேயே எண்ணிக்கொள்கிறோம். பாரசீக மொழி அரபு எழுத்தின் வழிவந்த எழுத்தில் எழுதப்படுகிறது. ஆனால் அது அரபியின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. துருக்கிய மொழி 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறியது; எழுத்து மாறியதால் மொழிக்குடும்பம் மாறிவிடவில்லை. குர்து மக்கள் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளில் பரவி வாழ்கிறார்கள். தேசிய இனம் என்பதும் நாடு என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே இருக்கும் மடகாஸ்கரின் மலகாசி மொழிக்கு நெருங்கிய உறவு போர்னியோத் தீவில் இருக்கிறது. படகில் கடல் கடந்து வந்த மக்களின் வரலாறு அந்த மொழியில்தான் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு மக்கட்பெயருக்கும் இந்த ஐந்து கட்டங்களையும் நிரப்பிப் பார்த்தபோது, எனக்கு எது தெரியாது என்பது உடனே வெளிப்பட்டது.

மக்கட்பெயர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய பாடநூல்களில் எஸ்கிமோ, லாப் என்று படித்தவர்கள், அம்மக்கள் தம்மை இனுயிட் என்றும் சாமி என்றும் அழைத்துக்கொள்கிறார்கள் என்பதை அறிந்து அவ்வாறே எழுதுவது நல்லது. சாமி மக்களின் நிலம் நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என நான்கு நாடுகளில் பரந்திருக்கிறது. கனடாவில் இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் ஆட்சிப்பகுதி 1999இல் அமைந்தது.

ஒரே வாழ்முறைக்கு ஊர்தோறும் ஒரு பெயர் இருப்பதும் தேர்வுக்குரிய செய்தியே. காட்டை வெட்டிச் சுட்டு, சில ஆண்டுகள் பயிரிட்டு, நிலத்தை ஆறவிட்டு அடுத்த இடம் செல்லும் வேளாண்மை வடகிழக்கு இந்தியாவில் ஜூம், இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் லடாங், மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மில்பா, இலங்கையில் சேனை எனப்படுகிறது. பாடநூலில் இது ஒரு அட்டவணையாகவே வரும். எனக்கு அது ஒட்டவேயில்லை. நம் பழம்பாடல்களில் தலைவி கிளியோட்டும் தினைப்புனமும் இத்தகைய மலைநில வேளாண்மையைச் சார்ந்ததுதானே என்று தோன்றிய நாளில், அந்த அட்டவணையில் ‘புனம்’ என்று நானே ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். வினாத்தாளில் அது வரப்போவதில்லை; ஆனால் மற்ற பெயர்கள் அதனோடு சேர்ந்து நினைவில் நின்றன.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆகவே ஒரே சொல்லை இரண்டு உருவங்களில் அறிந்திருப்பது கட்டாயமாகிறது. இரு பெருநிலப்பகுதிகளை இணைக்கும் ஒடுங்கிய நிலத்தை நிலச்சந்தி என்று மட்டும் படித்தவர் ‘இஸ்த்மஸ்’ என்பதைக் கண்டு திகைப்பார். ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர் முதன்மைத் தேர்வில் தமிழ்ச்சொல் கிடைக்காமல் வாக்கியத்தை நடுவில் விடுவார். பனாமா, சூயஸ், தாய்லாந்தின் கிரா ஆகிய மூன்று நிலச்சந்திகளையும் வரைபடத்தில் குறித்து, இரண்டு மொழிப் பெயர்களையும் அருகருகே எழுதிவைத்தால் ஒரே வேலையில் இரண்டும் முடியும். முதலிரண்டில் கால்வாய் வெட்டப்பட்டுவிட்டது, மூன்றாவதில் அது பேச்சளவிலேயே இருக்கிறது என்பதும் உடன் நினைவில் ஏறும்.

இரண்டாம் ஆண்டில் குறிப்பேட்டை அகர வரிசையிலிருந்து மாற்றி, வரைபடத்தின் பக்க வரிசையில் எழுதினேன். ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் வலப்பக்கத்தில் வெற்று வரைபடம், இடப்பக்கத்தில் அந்த ஊருக்குரிய சொற்கள். 600 சொற்கள் 340 ஆகக் குறைந்தன. ஊர் கிடைக்காத சொற்களில் பல, தேர்வுக்கே வேண்டாதவையாக இருந்தன. வாரத்துக்கு ஒரு நாள் இடப்பக்கத்தைத் தாளால் மூடிக்கொண்டு, வெற்று வரைபடத்தில் பென்சிலால் சொற்களை இட்டு நிரப்புவேன். நிரம்பாமல் எஞ்சும் இடங்களை மட்டும் அடுத்த வாரம் படிப்பேன். மத்திய ஆசியாவின் பக்கம் கடைசி வாரம் வரை பாதி வெறுமையாகவே இருந்தது.