தடவாத கண்ணு, சும்மா கை வை

பாப்பாவ முத தடவை தொட்டப்பவே தப்பா தொட்டேன். 30 வாரத்துல பொறந்தவ, 1,240 கிராம். நாலாவது நாள் இங்குபேட்டர் ஓட்டைக்குள்ள கைய விட்டு முதுக மெதுவா தடவுனேன், எந்த அம்மாவும் அதத்தானே செய்வா, உடனே அவ கை காலெல்லாம் விரிச்சு உதறுறா, ஆக்சிஜன் நம்பர் சரசரன்னு இறங்குது, மானிட்டர் கத்துது. சிஸ்டர் ஓடி வந்து, "தடவாத கண்ணு. ஒரு கைய தலையில வை, இன்னொரு கையால காலை மடக்கிப் புடி. அசைக்காத, சும்மா இரு"ன்னாங்க. கொஞ்ச நேரத்துல நம்பர் தானா ஏறிடுச்சு.

வயித்துக்குள்ள சுருண்டு கிடக்க வேண்டிய குழந்தைக்கு அந்த மாதிரி லேசான தடவலே தாங்காதாம். அதான் துணிய சுருட்டி குருவிக்கூடு மாதிரி சுத்தி வைக்கிறாங்க, வெளிச்சம் படாம பெட்டி மேல துணி போடுறாங்க. வார்டுக்குள்ள 45 டெசிபலுக்கு மேல சத்தமே இருக்கக்கூடாதுன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சொல்லி பல வருஷம் ஆச்சு, நம்ம வார்டுல பெட்டிக் கதவ சாத்துற சத்தமே டமால்னு கேக்கும். பாஸ்டன்ல ஹைடலிஸ் ஆல்ஸ்னு ஒரு உளவியலாளர், 1980கள்லயே இந்த குழந்தைங்களோட அசைவத்தான் அதுங்க பேச்சா எடுத்துக்கணும்னு ஒரு முறையவே உருவாக்குனாங்க. விரல விரிச்சா "போதும், விடு"ன்னு அர்த்தம். எனக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா...

குன்னூர்ல பனிக்குடம் உடைஞ்சதும், பாப்பா நுரையீரல் முதிர்றதுக்கு எனக்கு ஊசி போட்டு, 108ல கோயமுத்தூருக்கு இறக்கிட்டாங்க. 12 மணி நேரத்துக்கு ஒண்ணா 4 ஊசி, மிச்சத்த கோயமுத்தூர் போனப்புறம் போட்டாங்க. பர்லியார் மலைரோட்டு வளைவு ஒவ்வொண்ணுக்கும் வயித்தப் புடிச்சுக்கிட்டே போனேன், அத எழுதவே இப்ப பிடிக்கல.

கீழ நான் இருந்த ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். வைத்தியத்துல குறையே சொல்ல மாட்டேன். ஆனா அம்மாக்கு அங்க இடம் இல்ல. ஆபரேஷன் தையலோட காரிடார் ஸ்டூல்ல உக்காந்து பால் பீய்ச்சி குடுத்துட்டு வருவேன், 2 மில்லி, 3 மில்லி, அது டியூப்ல போகும். குழந்தைய நெஞ்சோட ஒட்டி வச்சுக்குற கங்காரு முறை ஆரம்பிச்சப்போ சாய்வு நாற்காலி மூணு, அம்மாங்க பதினொரு பேர். முறை போட்டு உக்காந்தோம். ஒரு நாளைக்கு 8லருந்து 24 மணி நேரம் நெஞ்சோட வைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லிருக்கு, எனக்குக் கிடைச்சது ரெண்டு மணி நேரம். இதுல ஒரு கூத்து என்னன்னா, 1978ல கொலம்பியாவுல பொகோட்டாவுல இந்த முறைய ஆரம்பிச்சதே இங்குபேட்டர் பத்தலைன்னுதான். இங்க பெட்டி இருக்கு, நாற்காலி இல்ல. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட அஞ்சு நாட்டு ஆஸ்பத்திரில நடந்த ஆராய்ச்சில, பொறந்த உடனே அம்மாவையும் உள்ள வச்சு கங்காரு முறைய ஆரம்பிச்சுப் பாத்துருக்காங்க, சாவு கால்வாசி குறைஞ்சுது, 2021ல வந்துச்சு. ஒரு கட்டில் போட்டா போதும்ங்க.

34 வாரம் ஆனப்புறம்தான் உறிஞ்சி முழுங்கி மூச்சு விடுறது மூணும் சேர்ந்து வரும்னாங்க, அதுவரைக்கும் முதல்ல டியூப், அப்புறம் பாலாடைச் சங்குதான். 1,800 கிராம்ல டிசம்பர் மாசம் வீட்டுக்கு வந்தோம். குன்னூர் குளிரு சொல்லணுமா. அத்தை வந்த உடனே கரி அடுப்ப ரூமுக்குள்ள தூக்கிட்டு வந்தாங்க, அவங்க காலத்துல அப்படித்தான், நான் கத்துனதுல ரெண்டு நாள் பேசல. மூடுன ரூம்ல கரிப்புகை ஆளையே கொல்லும், மலையில இருக்குற நமக்கு இது தெரியாததா. எண்ணெய் தேச்சு உருவி விடணும்னதுக்கும் சண்டை.

சூடு குடுத்தது எங்க வீட்டுக்காரர் நெஞ்சுதான். டீ ஃபாக்டரில ஷிப்ட் முடிச்சு வந்து குளிச்சுட்டு, பாப்பாவுக்கு குல்லா சாக்ஸ் போட்டு நெஞ்சுல வச்சு மேல துணி கட்டிக்குவாரு. நான் தூங்குவேன். ரெண்டு மாசத்துல நான் ஒழுங்கா தூங்குனது அப்பத்தான். ஒரு நாள் அவருக்கு நைட் ஷிப்ட், அத்தை தானா வந்து "குடு, நான் கட்டிக்கிறேன்"னாங்க. அடுப்பு வெளிய போயிடுச்சு.

குறைமாசத்துல பொறந்தா கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் முழுசா வளந்திருக்காதாம், அதுக்கு முதல் டெஸ்ட் 30 நாளுக்குள்ளயே கோயமுத்தூர்லயே பாத்தாச்சு, அப்புறம் அதுக்காக ஏறி இறங்கி, போன மாசம்தான் ரத்தக்குழாய் நல்லா வளந்துருச்சுன்னு விட்டாங்க.

நேத்து பக்கத்து வீட்டு அக்கா வந்து, "அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் குப்புற விழலையா?"ன்னு கேட்டாங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள சமையல்கட்டுலருந்து அத்தை சத்தம், "யாரு சொன்னா அஞ்சு மாசம்னு? பொறக்க வேண்டிய நாள்லருந்து எண்ணு, அவளுக்கு இன்னும் மூணே ஆகல!"