செங்கடலில் சண்டை, கொழும்பில் பெட்டி

தோல் பை, பர்ஸ், பெல்ட் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிற கம்பெனியில் வேலை செய்கிறேன். யூனிட் புதுச்சேரி சேதராப்பட்டு பக்கம், வீடு கடலூரில். என் பொறுப்பு டாக்குமென்டேஷன்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தருகிற பி.எல். உலக அரசியலில் பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது. ஆனால் இந்த சீட்டில் உட்கார்ந்தவனுக்கு அது ஃப்ரெய்ட் ரேட்டாக, அதாவது சரக்குக் கட்டணமாக, மெயிலில் வந்துவிடும்.

2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் காஸா போரைக் காரணம் காட்டி, செங்கடலில் ஹெலிகாப்டரில் இறங்கி ‘கேலக்ஸி லீடர்’ கப்பலைப் பிடித்தபோது ஆபீசில் யாரும் கண்டுகொள்ளவில்லை. டிசம்பர் நடுவில் பெரிய லைன்கள், அதாவது கப்பல் கம்பெனிகள், ஒவ்வொன்றாகச் செங்கடல் பக்கம் போவதை நிறுத்தின. காஸாவில் தொடங்கிய போர், அந்தக் கப்பலைப் பிடித்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஏமன் வழியாகச் சுற்றி சேதராப்பட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. அதில் 10 முதல் 14 நாள் கூடுதல்.

நாள் கூடுவது மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் சரக்கில் பெரும்பகுதி சென்னையில் சின்ன ஃபீடர் கப்பலில் ஏறும், கொழும்பில் இறங்கும், அங்கே ஐரோப்பா போகிற தாய்க் கப்பலுக்கு மாறும். தாய்க் கப்பல் ஒரு சுற்று முடிக்க வாரங்கள் கூடினால், அதே கிழமையில் வாராவாரம் வந்து நிற்பதற்குக் கூடுதல் கப்பல் வேண்டும். அத்தனை கப்பலுக்கு எங்கே போவது? அட்டவணை குலைந்தது. ஒரு வாரம் எதுவும் வராது, அடுத்த வாரம் எல்லாம் சேர்ந்து வரும். நேரத்தை மிச்சம் பிடிக்க வேறு துறைமுகங்களைத் தவிர்த்துவிட்டு, அங்கே போக வேண்டிய கண்டெய்னர் பெட்டிகளையும் கொழும்பிலேயே இறக்கிவிட்டுப் போவார்கள். பெட்டி அடுக்குகிற யார்டு நிரம்பும், ஃபீடர்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக்கிடக்கும்.

2024 நடுவில் பிரான்ஸ் வாடிக்கையாளர் ஒருவரின் இலையுதிர்கால சரக்கு, ஒரு நாற்பதடிப் பெட்டி, இப்படி மாட்டிக்கொண்டது. டிராக்கிங் பக்கத்தில் ‘டிஸ்சார்ஜ்டு, கொழும்பு’ என்ற வரி மாறவே இல்லை. லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் (வாங்குகிறவரின் பேங்க் தருகிற பண உத்தரவாதம்) சொன்ன தேதிக்குள் ஏற்றிவிட்டோம், பேங்க் பணம் கொடுத்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் சீசன் போன பிறகு வருகிற பையைக் கடைக்காரன் என்ன செய்வான்? அடுத்த ஆர்டர் யாருக்குத் தருவான்?

எங்களுக்குக் கப்பலில் இடம் பிடித்துத் தருகிற ஃபார்வர்டரின் கொழும்பு ஏஜென்ட் ஆபீசில் ஒரு தம்பி இருக்கிறார், வெள்ளவத்தைக்காரர். நேரில் பார்த்ததில்லை. பெட்டி நம்பரை அனுப்பினால் வாய்ஸ் மெசேஜ் வரும்: “அண்ணா, உங்கட பெட்டி யார்டில இருக்கு. ரெண்டு தரம் ரோல் ஆயிட்டுது. லைன் ஒஃபிசில நேர போய்க் கேட்டுட்டு வாறன்.” ரோல் என்றால் ஏற வேண்டிய கப்பலில் ஏற்றாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவது. போய் நின்றார், கேட்டார், பெட்டியும் ஏறியது. அதே யார்டில் வங்கதேசத்துச் சிட்டகாங்கிலிருந்து வந்த சட்டைப் பெட்டிகளும் அதே தாய்க் கப்பலுக்குக் காத்திருந்தன. நாங்கள் ஏறியதால் யாருடைய பெட்டி நின்றது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சண்டை தூரத்தில் நடக்கும்போது முதலில் அடிபடுவது இடம்தான். கப்பலில் இடம், யார்டில் இடம், விமானத்தில் இடம். பக்கத்து நாட்டுக்காரர் நம்மைப் போலவே அதே பொருளை அதே ஊருக்கு அனுப்புகிறவர், அதனால் அவர்தான் முதல் போட்டியாள். கையில் மிச்சமிருப்பதைக் கொடுத்து உதவுவது வேறு, வரிசையில் நம் இடத்தை விட்டுக்கொடுப்பது வேறு. நம் பிராந்திய ஒத்துழைப்பு அநேகமாக முதல் வகையிலேயே நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம்.

டெல்லி விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளலாம். வங்கதேசச் சரக்கு நம் நாட்டு வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போக 2020 ஜூனில் இந்தியா அனுமதி கொடுத்தது. நல்ல ஏற்பாடு, யாருக்கும் தொந்தரவில்லை. செங்கடல் பிரச்சினை வந்து கடல்வழி மந்தமானதும், டாக்கா ஆயத்த ஆடைகள் லாரியில் டெல்லிக்கு வந்து விமானம் ஏறுவது கூடியது. நம் ஆடை ஏற்றுமதியாளர்கள் சங்கம் முறையிட்டது: கார்கோ பகுதியில் நெரிசல், விமானக் கட்டணம் ஏறிவிட்டது, எங்களுக்கே இடமில்லை. 2025 ஏப்ரல் 8 அன்று அந்த வசதி ரத்தானது. அரசு சொன்ன காரணமும் நெரிசலும் செலவும்தான். டெல்லிக்கும் டாக்காவுக்கும் அதற்குள் கசப்பு முற்றியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கேட்டவர்கள் பக்கம் எனக்குக் கொஞ்சம் அனுதாபமும் உண்டு. அவசரத்துக்குச் சென்னையிலிருந்து நாங்களும் விமானத்தில் அனுப்பினோம். அந்த பில்லைப் பார்த்து முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கொடுத்து உதவியதற்கு 2022 உதாரணம். இலங்கைப் பொருளாதாரம் விழுந்ததற்கு உக்ரைன் போர் மட்டும் காரணமில்லை. 2019 வரிக்குறைப்பு, கொரோனா, 2021 ரசாயன உரத் தடை என்று ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் போர் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டது. அங்கே சுற்றுலாவுக்கு அப்போது அதிகம் வந்துகொண்டிருந்ததும் ரஷ்யர்கள், உக்ரைனியர்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். ஜூலையில் பெட்ரோல் ரேஷனுக்கு க்யூஆர் கோடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர். தம்பி பெட்ரோல் க்யூவில் நின்றபடியே எனக்கு டிராஃப்ட் பி.எல். சரிபார்த்து அனுப்பியிருக்கிறார். இந்தியா அந்த வருஷம் கடன், எரிபொருள், மருந்து என்று சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் அறிவித்து, மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது.

அதற்கு ஐந்து நாள் முன்னால், மே 13, இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. காரணம் அதே போர்தான், உலக விலை ஏறி உள்ளூர் விலையும் ஏறியது. நம் கோதுமையை அதிகம் வாங்கிக்கொண்டிருந்தது வங்கதேசம். அரிசி நம்மிடம் கிடங்கு நிறைய இருந்தது, கோதுமை அந்த வருஷ வெயிலில் விளைச்சல் அடிபட்டிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். வேறொரு நாட்டு அரசே நம் அரசிடம் கேட்டால் தரலாம் என்று விதிவிலக்கு வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடலூர்க்காரனுக்கு இது புதுசா என்ன? தேவனாம்பட்டினம் கோட்டையில் ஆங்கிலேயன், சற்று வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன். ஐரோப்பாவில் யாருக்கு எந்தச் சிம்மாசனம் என்று தகராறு வந்தால் இங்கே துணி வியாபாரம் நிற்கும். 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னையை 1748 உடன்படிக்கையில் ஆங்கிலேயர் திரும்ப வாங்கினார்கள். பதிலுக்குக் கொடுத்தது கனடாவில் லூயிபர்க் என்ற கோட்டை. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிக் கடற்சண்டைகளில் ஒன்று 1783 ஜூன் 20 அன்று ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நம் கடலூர்க் கரைக்கு எதிரே நடந்தது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சேதி இங்கே வந்தது ஜூன் கடைசியில்.

சும்மா குறை மட்டும் சொல்லக் கூடாது. 2024 ஜனவரியில், போர்க்கப்பல்களின் கவனமெல்லாம் செங்கடலில் இருந்தபோது சோமாலியக் கொள்ளையர்கள் மறுபடி தலைகாட்டினார்கள். இலங்கை மீன்பிடிப் படகு ‘லோரன்சோ புத்தா 4’ ஆறு பேரோடு கடத்தப்பட்டது. இந்தியக் கடற்படை தேடலில் இறங்கியது, சீஷெல்ஸ் கடலோரக் காவல்படை மடக்கி மீட்டது, மூன்று நாடும் தகவலைப் பகிர்ந்துகொண்டன. சில நாளில் முடிந்த வேலை. அங்கே யாருக்கும் இடப்போட்டி இல்லை.

இப்போது எல்லாரும் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். கேரளத்தில் விழிஞ்சம் துறைமுகத்தை 2025 மே 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். இந்தியப் பெட்டிகள் கொழும்பை நம்பியிருப்பதைக் குறைக்கத்தான் அது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு மாதம் முன்பு கொழும்பில் வேலை தொடங்கிய மேற்கு முனையத்தில் பெரும் பங்கும் விழிஞ்சத்தைக் கட்டிய அதே அதானியுடையது. கூட்டாளியும் அவரே, போட்டியாளும் அவரே.

எங்கள் முதலாளியும் விழிஞ்சம் வழி ரேட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“அண்ணா, நீங்களும் மாறப் போறீங்களோ?”

“ரேட்டைப் பார்த்துத்தான் சொல்லணும் தம்பி.”

“அப்ப எங்கட ரேட்டையும் ஒருக்கா பாருங்கோ. நாளைக்கு அனுப்புறன்.”