கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை

சுவடி நூலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஐப்பசி அடைமழையில் கீழ்த்தள அறைக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரமும் போய்விட்டது. இருந்த நான்கு பேரும் கட்டுகளை மாடிக்கு ஏற்றினோம். ஓலைச்சுவடியைத் தலையில் சுமக்க முடியாது. கயிறு தளர்ந்தால் ஏடுகள் சரியும். கக்கத்தில் இடுக்கினால் ஓரம் ஒடியும். கைக்குழந்தையைப் போல இரு கைகளிலும் ஏந்தித்தான் நடக்க வேண்டும். படியில் கால் வழுக்கியபோது கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. முட்டி பெயர்ந்தது, கட்டு நனையவில்லை.

இரவு, அடித்தட்டில் நனைந்துபோன ஏடுகளை ஒற்றிக்கொண்டிருந்தபோது மூத்த பண்டிதர் என் முட்டியைப் பார்த்துவிட்டு, "தேசிகர் இதைக் காவிரி மணலில் செய்தார், தம்பி" என்றார்.

கதை தெரிந்ததுதான். 1323இல் உலுக் கான் தலைமையில் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியது. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் மூலவரைக் கல்திரையிட்டு மறைத்துவிட்டு, உற்சவரோடு தெற்கே போனார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் காலம் முடிந்தது. இன்னொரு வைணவ அறிஞரான சுதர்சன சூரி, ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்குத் தாம் எழுதிய சுருதப்பிரகாசிகை உரையையும் தம் இரு மகன்களையும் ஆசாரியர் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார். தேசிகர் பிணங்களுக்கு நடுவே பிணம்போல் இரவெல்லாம் கிடந்து தப்பியதாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன.

மேடைகளில் இதை வீரக்கதையாக முழங்குவார்கள். எனக்கு அது ஒட்டுவதில்லை. ஒரு சுவடிக்கட்டு, இரண்டு சிறுவர்கள். பிள்ளைகள் இருமிவிடக் கூடாது, ஓலை சலசலக்கக் கூடாது. அந்த நிலையில் வாளை எடுக்க எந்தக் கை மிச்சம்? பின்னாளில் கர்நாடகப் பகுதியில் இருந்தபோது அவர் அரங்கனை நோக்கிப் பாடிய துதியின் பெயரே அபீதிஸ்தவம். அபீதி என்றால் அச்சமின்மை. அச்சமே இல்லாதவர் அதைக் கேட்டுப் பாடுவாரா? நடுங்கிக்கொண்டேதான் அவர் கட்டைக் கீழே போடாமல் இருந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

தை மாதம் ஸ்ரீரங்கம் போனேன். 1371இல் விஜயநகரத் தளபதி கோபணார்யர் உற்சவரைத் திரும்ப எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே சுவரில் இருக்கிறது. ஆண்டை எண்ணாக எழுதாமல் 'பந்துப்ரிய' என்ற சொல்லில் வைத்திருக்கிறார்கள். எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் மூன்று, ஒன்பது, இரண்டு, ஒன்று. பின்னிருந்து படித்தால் சக ஆண்டு 1293, அதாவது 1371. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 1323க்கும் அதற்கும் நடுவில் 48 ஆண்டுகள். தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்ததைப் பார்த்திருப்பார்கள்?

திரும்பி வந்ததும் நான் முட்டி பெயர்த்துக்கொண்டு காத்த கட்டைப் பிரித்தேன். வாகடச் சுவடி, அதாவது வைத்திய நூல். அச்சிலேயே வந்துவிட்ட நூல்! சற்று ஏமாற்றத்தோடு பண்டிதரிடம் சொன்னேன்.

"முதல் ஏட்டிலிருந்து ஆரம்பி" என்று, ஓலைக்குப் பூசும் எலுமிச்சைப்புல் தைலப் புட்டியை என் பக்கம் நகர்த்தினார்.