சாஸ்திரியார் போன வழியில்

கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இன்ன ராகம், இன்ன தாளம் என்று. ஆராதனையில் அதை யாரும் கவனிப்பதில்லை. எங்களுக்கோ அதைத் தாண்டிப் போகவே முடியாது. மே மாத லீவில் ஆலயத்து ஹாலில் நடந்த பாட்டு வகுப்பில், அந்த வரியை உரக்க வாசித்த பிறகுதான் முதல் அடியைப் பாட விடுவார் எங்கள் ஆர்மோனிய வாத்தியார்.

அந்த வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு, வேன் பிடித்துப் போன பயணம் இது. பாளையங்கோட்டையிலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து தரங்கம்பாடி. வழியைத் தேர்ந்தெடுத்ததும் வாத்தியார்தான். கீர்த்தனைகள் எழுதிய கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். அவரைப் பன்னிரண்டு வயதளவில் ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். சாஸ்திரியார் பின்னால் தரங்கம்பாடியிலும் கொஞ்ச காலம் படித்தார். "நம்மூர்ப் பையன் போன வழி. ஒரு தடவையாவது நாமளும் போகணும்" என்று வாத்தியார் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில், பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மாள் கட்டி, 1785-ல் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த ஆலயத்தில் ஜெபித்துவிட்டுக் கிளம்பினோம். எங்கள் ஊரில் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். சின்ன ஆலயம்தான். திருநெல்வேலிச் சீமையில் பாட்டும் ஜெபமும் வேர்பிடித்தது இங்கேதான் என்று நினைத்தால் மனசு நிறைந்துவிடும்.

வேனில் பேச்சு முழுக்க அந்த வகுப்பைப் பற்றித்தான். வி.பி.எஸ். என்கிற பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து, ஆட்டப்பாட்டு அடங்கியதும் வகுப்பு தொடங்கும். காலையில் மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலை, சாயங்காலம் நம் ராகத்தில் கீர்த்தனை. பாமாலைக்குக் கரும்பலகையில் சோல்ஃபா, அதாவது டோ-ரே-மி சுரக்குறிப்பு, எழுதிப் போடுவார். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல் பாகமாகப் பிரித்து, நாலு மூலையிலும் தனித்தனியாகப் பாட வைத்து, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பார். முதல் தடவை நாலும் சேர்ந்தபோது நாங்கள் பாடுவதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சத்தம் நம்மிடமிருந்துதான் வருகிறதா என்று நம்ப முடியவில்லை. சாயங்காலம் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டிக் கீர்த்தனை. யாராவது குரலை உயர்த்திக் கத்தினால், "ஏல, முதல்ல சுருதியக் கேளு. அப்புறம் வாயத் திற" என்பார்.

அதற்கு என்ன பலன் என்று கேட்டால், பெரிய பாடகர்கள் யாரும் எங்களில் உருவாகவில்லை. ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள். ராத்திரி டியூட்டியில் தூக்கம் வராத நோயாளிகள் கேட்டால், பக்கத்தில் நின்று மெதுவாக ஒரு கீர்த்தனை பாடுவாளாம். ஒரு அண்ணன் பஸ் டிரைவர். கிராமத்துச் சபையில் ஞாயிற்றுக்கிழமை கொயரை அவர்தான் நடத்துகிறார். மரண வீட்டில் நாங்கள் புத்தகம் தேட மாட்டோம். ஒருவர் எடுத்தால் போதும், எல்லாச் சரணமும் தானாக வந்துவிடும். என் அப்பா இறந்த அன்று எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. ஆனால் முற்றத்தில் இவர்கள் பாடத் தொடங்கியதும் ஆல்ட்டோ வந்தது. என் விசுவாசம் அன்று நின்றது அந்தப் பாட்டில்தான்.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சுவார்ட்ஸ் ஐயர் 1779-ல் கட்டிய ஆலயம். உள்ளே போனால் கண் நேராக வெள்ளைப் பளிங்குச் சிற்பத்தில்தான் விழும். 1798-ல் ஐயர் இறந்த பிறகு, அவருடைய மாணவரான சரபோஜி மன்னர், ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு செய்வித்தது. படுக்கையில் ஐயர். அவர் கையைப் பிடித்தபடி மன்னர். பக்கத்தில் சக மிஷனெரி கெரிக்கே ஐயர். இதெல்லாம் படங்களில் பார்த்ததுதான். நேரில் என்னை நிறுத்தியது கட்டிலருகே நிற்கும் மூன்று பையன்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மன்னர் நிற்கும் காட்சியில் அவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நானும் அப்படி ஒரு பெரியவரின் ஆர்மோனியப் பெட்டி பக்கத்தில் நின்ற பிள்ளைதானே!

சுவார்ட்ஸ் ஐயரின் கடைசி நேரத்தைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். உயிர் போய்விட்டது என்று எண்ணி, அவருக்குப் பிரியமான ஞானப்பாட்டைக் கெரிக்கே பாடத் தொடங்க, ஐயரும் கூடச் சேர்ந்து பாடினாராம். அதை வாத்தியார் சிற்பத்துக்கு முன்னால் நின்று சொல்லி முடித்ததும், யாரும் சொல்லாமலே பாடத் தொடங்கினோம். சாஸ்திரியார் எழுதிய 'சீர் ஏசு நாதனுக்கு ஜெயமங்களம்'. ஆர்மோனியம் இல்லை, கைத்தாளம் மட்டும். முதல் சரணம் முடிந்ததும் வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். "எடுப்பு அரை இடம் தள்ளிப் போகுது" என்றார், தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தைச் சொல்லி. எண்பதைத் தாண்டியவர். திரும்ப எடுத்துப் பாடினோம். இந்தத் தடவை அவரும் பாடினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'சுவிசேஷக் கவிராயர்' என்று பேர் வாங்கிய சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சியில் சூரியனைச் சுற்றும் கோள்களைப் பற்றிப் பாடிய அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கலாம் என்றும் வாதாடினார். 1829 வாக்கில் அதற்காக மிஷனெரிகளோடு மோதினார். அவர் பாட்டை நேசிக்கிற எனக்கு இது வருத்தம் தருகிற விஷயம். எங்கள் வகுப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்துச் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, அவருடைய பாட்டைத்தான் பாடினோம். அவர் ஏற்காததை அவர் பாட்டே செய்து முடித்தது என்று நான் நம்புகிறேன்.

தரங்கம்பாடிக்கு மறுநாள் போனோம். 1706-ல் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கிய கரை, அவர் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அங்கேயே அவருடைய கல்லறை. வெயில் கடுமை. இங்கே பாமாலைதான் பொருத்தம் என்று நாலு பாகமாகப் பாடினோம். எங்களோடு வந்த பிள்ளைகள் பாட்டு தெரியாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும் வழியில் அதைப் பற்றித்தான் பேசினோம். இப்போது வி.பி.எஸ். நடக்கிறது, அதற்குப் பிறகு பாட்டு வகுப்பு இல்லை. பிள்ளைகள் கீபோர்டில் பதிந்து வைத்த தாளத்துக்குப் பாடுகிறார்கள். ராகம், தாளம், பாகம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்பதுதான் காரணம். ஆளாக நாங்கள் இருக்கிறோமே! வரும் மே மாதம் வகுப்பைத் திரும்பத் தொடங்குகிறோம். ஆல்ட்டோ என் பொறுப்பு, தாளம் டிரைவர் அண்ணன் பொறுப்பு. நர்ஸ் தோழி அந்த நாட்களுக்கு லீவு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். "நான் வந்து உட்கார்ந்திருப்பேன், தப்பா பாடினா சொல்லுவேன்" என்றார் வாத்தியார். கிராமத்துச் சபைகளிலிருந்து வரும் பிள்ளைகளும் தங்கிப் படிக்க ஒரு இடம் வேண்டும். அதற்காக இப்போதே ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.